நாற்பத்தெட்டாம் நாள் மழை

இதை எனக்கு முதலில் சொன்னது சீனியம்மாள் அக்கா. எண்பத்தேழாம் வருஷம், ஐப்பசி மாதம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்குவோம். அன்றைக்கு மழை. மருந்து முக்கின குச்சி காயாததால் வேலை நின்றுபோயிருந்தது. என் மூத்தவனுக்கு அப்போது ஒன்றரை வயது. அவனை வீட்டில் விட்டுவிட்டு வந்த நினைப்பில் நான் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அக்கா சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அம்பாள் புண்ணியத்தில் இன்னும் மறக்கவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே ஒரு சாமி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரிடம் சீடராக வந்தவரோ அவரைவிடப் பதிமூன்று வயது மூத்தவர். பெயர் குத்தாலிங்கம். வாழைக்காய்ச் சந்தையில் முப்பது வருஷம் ஏலம் கூறினவர். வாயைத் திறந்தால் சந்தையின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்கும். மனைவி போய்ச் சேர்ந்தாள், பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். இனி மடம்தான் என்று வந்துவிட்டார்.

வந்த அன்றைக்கே கேட்டார்.

"சாமி, எனக்கு உபதேசம் எப்போ?"

"நாப்பத்தெட்டு நாள் பேசாம இரும். எழுதிக் காட்டக் கூடாது. கையால சேதி சொல்லக் கூடாது. நாப்பத்தெட்டாம் நாள் விளக்கு வெச்சதும் உம்ம காதுல மந்திரம் சொல்லுதேன். நீரு வாயைத் திறந்து சொல்லுத முதல் வார்த்தை அதுவாத்தான் இருக்கணும்."

"இடையில பேசிட்டா?"

"மறுநாள் ஒண்ணாம் நாள்."

முதல் தடவை பதினோராம் நாளில் போயிற்று. ஒரு குரங்கு அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அந்தக் குரங்கைப் பெற்றவளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

இரண்டாவது தடவை முப்பதாம் நாள். யாரோ மடத்துக்கு ஒரு வாழைத்தார் கொண்டுவந்து வைத்து, "ரஸ்தாளி, சாமி" என்றார்.

"கதலிவே இது," என்றார் குத்தாலிங்கம். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"ஒண்ணாம் நாள்," என்றார் சாமி. சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு பழம் கூடுதலாகத் தின்றார்.

மூன்றாவது தடவை மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டார். குரங்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். வாழைத்தார் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவார். நாற்பத்தேழு நாள் ஓடிவிட்டது.

நாற்பத்தெட்டாம் நாள் விடியும்போதே அடைமழை. விளக்கு வைக்கிற நேரத்தை நினைத்துக்கொண்டு குத்தாலிங்கம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது அடுத்த தெரு முப்பிடாதி இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்தாள்.

"சாமி, இன்னைக்கு நடவு. இந்த மழையில வரப்புல தொட்டில் கட்ட முடியாது. அத்தையும் ஊருக்குப் போயிட்டாவ. சாயங்காலம் வரைக்கும் இவனைப் பாத்துக்கிடணும்."

பிள்ளை பெயர் நயினார். இரண்டு வயதுக்கு ஒரு மாதம்தான் குறைச்சல். இன்னும் ஒரு வார்த்தை பேசினதில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காக ஊர் சும்மா இருக்குமா.

"அண்ணாச்சி பாத்துக்கிடுவாரு," என்றார் சாமி.

குத்தாலிங்கம் விழித்தார். என்னால் ஆகாது என்று கையை விரிக்கக்கூட வழியில்லை. அதுவும் சேதி.

"பேசாத மனுசர்கிட்டயா விடுதீங்க?" என்றாள் முப்பிடாதி. பிறகு அவளே, "சரிதான். இவனும் பேசாதவன். ரெண்டு பேரும் சண்டை போட மாட்டாங்க," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடவுக்குப் போனாள்.

சாமி பின்கட்டுக்குப் போய்விட்டார். ஈர விறகைப் பிரித்து அடுப்படியில் பரப்பும் வேலை இருந்தது.

பிள்ளை கதவைப் பார்த்தது. வெளியே ஆறு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அது கதவுக்கு ஓடியது. குத்தாலிங்கம் முந்திக்கொண்டு மேல் தாழ்ப்பாளைப் போட்டார். பிள்ளை அழுதது.

வா என்று சொல்ல முடியாது. ராசா என்று கொஞ்ச முடியாது. ஒரு பாட்டு முனக முடியாது. தன் பிள்ளைகள் நாலு பேரையும் அவர் சத்தத்தாலேயே வளர்த்தவர்.

கழுத்து உருத்திராட்சத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது நேரே வாய்க்குள் போயிற்று. பிடுங்கினார். அழுகை இரண்டு மடங்காயிற்று. குதிரைபோல் குனிந்து முதுகைக் காட்டினார். பிள்ளை அந்த முதுகைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் கதவுக்கே போனது.

அந்த நேரம் கூடத்து ஓட்டில் ஒரு இடம் ஒழுக ஆரம்பித்தது. தரை நனையக் கூடாதே என்று குத்தாலிங்கம் ஒரு செம்புப் பானையை எடுத்துக் கீழே வைத்தார்.

டிங்.

அழுகை நின்றது.

டிங்.

பிள்ளை பானைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அவர் பானையை எடுத்துவிட்டார். சொட்டு தரையில் விழுந்தது, சத்தமில்லை. பிள்ளை ஓட்டைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. அவர் பானையைத் திரும்ப வைத்தார்.

டிங்.

பிள்ளை சிரித்தது.

குத்தாலிங்கத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது. முப்பது வருஷம் ஏலம் விட்டவருக்குத் தெரியாதா? ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தரம் சொல்லாமல் கொஞ்சம் நிறுத்தினால் சந்தையே மூச்சு விடாது. அதைப் போலவே செய்தார். இரண்டு சொட்டுக்குப் பானை இருக்கும். மூன்றாவதுக்கு இருக்காது. நிறுத்துவார். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். வைப்பார். டிங்.

சாமி விறகோடு ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"என்னவே, ஏலம் சூடுபிடிச்சிருக்கு போல."

குத்தாலிங்கம் திரும்பவே இல்லை.

ஒரு பத்து மணி இருக்கும். அவருக்குக் கை வலித்தது. பானையை எடுத்தவர் மடியிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் இளைப்பாறினார். ஒரு சொட்டு விழுந்தது. இரண்டு. மூன்று. பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. தரையைத் தட்டியது. அவரைப் பார்த்தது.

"வை," என்றது.

குத்தாலிங்கம் சட்டென்று பானையை வைத்தார். பிள்ளை சிரித்தது. தான் கேட்டது சும்மா ஒரு சத்தமோ என்று அவருக்குச் சந்தேகம். திரும்ப எடுத்தார்.

"வை."

வேறு மூலையிலும் ஒழுகியது. பானையை அங்கே கொண்டுபோய்க் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை தத்தித் தத்திப் பின்னாலேயே வந்தது.

"வை."

சந்தேகம் போயிற்று. மத்தியானம் பருப்புச் சோறு ஊட்டும்போது கையை நிறுத்தினால்கூடத் தட்டைக் காட்டி, "வை."

அவருக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏலக்காரர் அல்லவா, எண்ணிக்கை மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்குப் பிள்ளை அவர் மடியிலேயே தூங்கிப்போனது.

நாலு மணிக்கு முப்பிடாதி வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சேலைத் தலைப்பைப் பிழிந்து கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினாள்.

"ரொம்பப் படுத்திட்டானா அண்ணாச்சி? நான் ஒருத்தி, உங்ககிட்டப் போயி கேக்கேன் பாருங்க."

அவர் நின்றார்.

"வயல்ல இன்னைக்கும் அதே பேச்சுதான். உன் மவனுக்கு நாக்கு இருக்கான்னு ஒருத்தி கேக்கா. குனிஞ்சு நட்டுக்கிட்டே இருந்தேன். மழையில அழுதா ஒரு வசதி, யாருக்கும் தெரியாது."

அவள் உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தாள்.

"முப்பிடாதி," என்றார் குத்தாலிங்கம்.

அவள் திரும்பினாள். நாற்பத்தேழு நாள் புழங்காத குரல், கரகரவென்று வந்தது.

"உன் மவன் பேசிட்டான்."

"என்ன அண்ணாச்சி?"

"பானையை எடுத்தேன். வைன்னான். வெச்சேன். திரும்ப எடுத்தேன். திரும்ப வைன்னான். இருபத்திரண்டு தரம் சொல்லியிருக்கான்."

முப்பிடாதி ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னார்.

"அவன் எப்படிச் சொன்னான்? அப்படியே சொல்லுங்க."

அவ்வளவு பெரிய சந்தையைக் கட்டி ஆண்ட மனுஷர், இரண்டு வயதுப் பிள்ளையின் மெல்லிசுக் குரலில், "வை," என்றார்.

"கெஞ்சியா கேட்டான்?"

"கெஞ்சலா? அதட்டுதான்."

அவள் எழுந்தாள். சாக்கைத் தன் தலையிலிருந்து எடுத்துப் பிள்ளைமேல் போர்த்தினாள். மழையில் தலையை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதல் வீட்டு வாசலிலேயே அவள் குரல் கேட்டது.

"கேட்டீங்களா மதினி, என் மவன் பேசிட்டான். 'வை'ங்கானாம். மடத்து அண்ணாச்சியையே அதட்டுதானாம்."

அடுத்த வீட்டிலும் கேட்டது. அதற்கு அடுத்த வீட்டிலும்.

குத்தாலிங்கம் திரும்பினார். விறகுத் தூசி ஒட்டின கையோடு சாமி நின்றுகொண்டிருந்தார்.

"போச்சு சாமி."

"எது?"

"நாப்பத்தெட்டு."

"விளக்கு வைக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"ரெண்டு மணி நேரம்."

"அவ வீடு?"

"அடுத்த தெரு. விளக்கு வெச்சுட்டு, உபதேசம் வாங்கிக்கிட்டு, நடந்துபோயி சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரியாம இல்லை. பிள்ளை ஆத்துல விழப் போச்சு, சத்தம் போட்டேன்னா ஒரு நியாயம் உண்டு. இது ஒண்ணுமே இல்லை. நல்ல சேதி. அது எங்கேயும் ஓடிப்போயிருக்காது. தெரிஞ்சேதான் வாயைத் திறந்தேன்."

சாமி கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனாம் நாள் சாமி?"

"ஒண்ணாம் நாள்."

"கணக்கை மாத்த மாட்டீங்க."

"மாத்த மாட்டேன்."

குத்தாலிங்கம் தலையாட்டினார். அதில் அவருக்குக் குறை இல்லை. ஆனால் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"அப்படின்னா நான் செஞ்சது தப்பா?"

சாமி மூலையில் கிடந்த குடையை எடுத்தார். விரித்துப் பார்த்தார். இரண்டு கம்பி ஒடிந்திருந்தது. அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"மழையில எங்க போறீங்க?"

"தோப்புக்குப் பின்னால. எங்க குரு சமாதிக்கு."

"இப்ப என்ன அங்க?"

"அவருகிட்ட ஒரு சேதி சொல்லணும். எனக்கு ஒரு சீடர் வாச்சிருக்காருன்னு."

குத்தாலிங்கம் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தார்.

"பாதையெல்லாம் சேறு, சாமி. காலையில மழை விட்டதும் போகலாமே."

சாமி ஏற்கெனவே படியிறங்கி நனைந்துகொண்டிருந்தார்.

"காலை வரைக்கும் நான் எப்படிவே வாயை மூடிக்கிட்டு இருக்கது?"

அக்கா இதோடு நிறுத்திவிட்டாள். நானும் நிறுத்திக்கொள்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலைக்குப் போகிற பெண் யாராவது தன் பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டுப் போனால், அது அன்றைக்கு என்ன செய்தது என்று, அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுங்கள்.