கரையில் நின்ற கூடைகள்

மருதங்கோட்டை ராஜா மாறவேலருக்குத் திடீரென்று நாட்டை முன்னேற்றும் ஆசை வந்துவிட்டது. ஏழு தேசம் கப்பலில் சுற்றிவந்த பூவராகரை மந்திரியாக்கினார்.

மந்திரியின் கண்ணில் முதலில் பட்டது ஏரி. அதுவரை அது ஊருக்குப் பொது. கரை உடையும் என்று தமுக்கடித்தால், வீட்டுக்கு ஓர் ஆள் கூடையோடு ஓடிவந்து மண் போடுவார்கள். கூலி கிடையாது. மடை திறக்கும் நீர்க்கட்டிக்கும் கடைசி வயல்வரை தண்ணீர் பாய்ந்தால்தான் அறுவடையில் சம்பளமாக நெல்.

"சுத்தக் காட்டுமிராண்டித்தனம்!" என்று மந்திரி நீர்க்கட்டியை வீட்டுக்கு அனுப்பினார். புதுச்சட்டம் வந்தது. நீர், கரை, கரைமண் எல்லாம் அரசருடையவை. காசு கட்டாமல் தொட்டால் கசையடி.

கடைமடையில் குறுவை வாடியது. பொன்னுருவி என்ற விவசாயி சபைக்கு ஓடிவந்தாள்.

"ஒரே ஒரு தண்ணி விடுங்க சாமி. அறுத்ததும் நெல்லா அளந்துடறேன்."

"அவசரமோ? அப்படியானால் இரட்டை விலை" என்றார் மந்திரி. "தேவை ஏறினால் விலையும் ஏறும். இதுதான் புதுப் பொருளாதாரம்!"

சபையே கைதட்டியது, புரிந்தவர் யாருமில்லை என்றாலும். விகடர் தாழையப்பன் மட்டும் எழுத்தாணியை எடுத்தார். "பொன்னான வாக்கு. ஓலையில் எழுதிக்கொள்கிறேன், எனக்கு மறதி அதிகம்."

பொன்னுருவியின் பயிர் கருகியது. நினைத்தால் இப்போதும் வயிறெரிகிறது.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஒரு நண்பகலில் கரை கசியத் தொடங்கியது. கரைக்கு நேர்கீழே ராஜாவின் புது அரண்மனை. காற்றோட்டமான இடமென்று தேர்ந்தெடுத்தவர் மந்திரிதான்.

தமுக்கு முழங்கியது. ஊரே கூடையோடு வந்தது. வந்து, கரையில் வரிசையாக நின்றது.

"மண்ணைப் போடுங்கள்!" என்று கரையடிக்கு ஓடிவந்து அலறினார் ராஜா.

"தொட்டா கசையடியாமே சாமி" என்றாள் பொன்னுருவி.

"சட்டம் ரத்து! சீக்கிரம்!"

தாழையப்பன் ஓலையைப் பிரித்தார். "சீக்கிரமா? அவசரத்துக்கு இரட்டை விலை, மகாராஜா. மந்திரியாரின் பொருளாதாரம்."

ராஜாவின் பாதத்தை வெள்ளம் நனைத்தது. "என்ன விலை? சொல்லம்மா!"

"காசு வேணாம் சாமி. ஏரியைத் திருப்பிக் குடுங்க."

"கொடுத்தேன்!"

அவ்வளவுதான். கூடைகள் பறந்தன. ஒரு நாழிகையில் கரை அடைபட்டது.

உயிர் திரும்பிய ராஜா, நனைந்த வேட்டியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "தாழையப்பா, என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"எனக்கெதற்கு? நீர்க்கட்டி வேலை காலியாக இருக்கிறது. அதை மந்திரியாருக்குக் கொடுங்கள்."

"தந்தேன்!"

பூவராகர் ஓரடி முன்னால் வந்தார். "சம்பளம்?"

"அறுவடையில் நெல்லாக வரும்" என்றார் தாழையப்பன். "பொன்னுருவி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால்."