போர்டு இறங்கும்வரை ஆடி

உலகம்மைக்கு ஆவணி நாலாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை நம்பிராஜன் அவளே பார்த்து விரும்பியவன். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க அவளுக்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது குறை ஒன்றுதான், முகூர்த்தப் புடவை இன்னும் எடுக்கவில்லை. எடுத்துவரப் புறப்பட்டவர்கள் அவளுடைய மூன்று அண்ணன்கள்: பெரியவன் பலவேசம், நடுவுள்ளவன் இசக்கியப்பன், சின்னவன் ஆண்டிச்சாமி. சொன்ன சொல்லை அப்படியே நம்புகிறவர்கள். அதுதான் பிரச்சினை.

ஆடி கடைசி நாள் மூவரும் பஸ் ஏறி டவுன் ஜவுளிக்கடைக்குப் போனார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு: 'ஆடித் தள்ளுபடி. இன்றே கடைசி.' உள்ளே நுழைந்ததும் உட்கார வைத்து ஆளுக்கொரு கலர் சோடா கொடுத்தார்கள். குடித்துவிட்டால் வெறுங்கையோடு எழுந்து போகக் கூச்சமாக இருக்கும் என்பது கடைக்காரர் திட்டம். பலவேசத்துக்குக் கூச்சம் கிடையாது. இன்னொன்று கேட்டான்.

சேல்ஸ்மேன் ஓர் அரக்குப் பட்டுப்புடவையை விரித்து, "கடைசி பீஸ் அண்ணாச்சி, இதை விட்டா கிடைக்காது" என்றார்.

மூவரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள். அவர்கள் வீட்டில் சட்டியில் இருக்கும் கடைசி இட்லியை யாரும் தொடமாட்டார்கள். பின்னால் ஒருத்தர் பசியோடு வந்தால் என்ன செய்வது? புடவைக்கு மட்டும் வேறு நியாயமா?

"நீங்களே வச்சுக்கோங்க," என்றான் பலவேசம். "உங்க வீட்டுலயும் பொம்பளப் பிள்ளைக இருக்கும்."

சேல்ஸ்மேன் அடுத்ததை விரித்தார். அதுவும் கடைசி பீஸாம். பன்னிரண்டு புடவை விரித்தார், பன்னிரண்டும் கடைசி. இப்படி நொடிந்துபோன கடையை அண்ணன்கள் பார்த்ததே இல்லை. கிளம்பும்போது ஆண்டிச்சாமி தன் தோள்துண்டை மடித்து, கடையில் விற்க ஏதாவது இருக்கட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டு வந்தான்.

உலகம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "கடைசி, கடைசிங்கிறதெல்லாம் அவசரப்படுத்தி நம்ம தலையில கட்டுறதுக்குண்ணே. சந்தேகமா இருந்தா நாளைக்குப் போய்ப் பாருங்க, அந்த போர்டு அங்கேயேதான் நிக்கும்."

மறுநாள் ஆவணி ஒன்று. போனார்கள். போர்டு நின்றது. தங்கை சொன்ன 'நாளைக்கு' எந்த நாள் என்று சந்தேகம் வந்ததால் அதற்கு மறுநாளும் போனார்கள். அப்போதும் நின்றது.

"இன்னைக்குத்தான் ஆடி கடைசின்னு போட்டிருக்கு," என்றான் இசக்கியப்பன்.

"முந்தாநாளும் அதைத்தானல போட்டிருந்தான்," என்றான் பலவேசம்.

"அப்போ முந்தாநாள் இன்னும் முடியல."

"நம்ம வீட்டுக் காலண்டர்ல ஆவணின்னு இருக்கே," என்று ஆண்டிச்சாமி இழுத்தான்.

பலவேசம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "காலண்டர் எம்புட்டு இருக்கும்? உள்ளங்கை அகலம். போர்டு எம்புட்டு இருக்கு, பாரு."

ஆக, ஆடிதான். ஆடியில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? ஊருக்கு வந்து சமையல்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் கட்டிய வாழைமரத்தை அவிழ்த்தார்கள். ஆடி கொஞ்சம் நீண்டுகொண்டு போகிறது, முடிந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று நம்பிராஜன் வீட்டுக்கும் தகவல் போனது.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த போர்டை எழுதி மாட்டியவர் முட்டாள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் தேதி காலையில் உலகம்மை அண்ணன்களையும் நம்பிராஜனையும் இழுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனாள். ஆவணி மூணில் ஆடி எப்படி இருக்கும் என்று முதலாளியிடம் அரைமணி நேரம் வாதாடினாள். கடைசியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த போர்டு நிக்கிற வரைக்கும் எனக்குக் கல்யாணம் கிடையாது அண்ணாச்சி. அதுவரைக்கும் நானும் எந்திரிக்கமாட்டேன்."

கூட்டம் கூடியது. முதலாளி வேண்டாவெறுப்பாக ஆள் விட்டு போர்டை இறக்கினார். அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது: 'பொங்கல் தள்ளுபடி. இன்றே கடைசி.'

பலவேசம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "தை பொறந்துட்டு. கல்யாணத்துக்கு இதைவிட நல்ல மாசம் ஏது?"

உலகம்மை மறுத்துப் பேச வாய் திறந்தாள். நம்பிராஜன் அவள் கையைப் பிடித்தான்.

"தையாவே இருக்கட்டும் உலகு. நாளைக்கு முகூர்த்தம்."

அவள் உள்ளே போய், கொடுத்த கலரைத் தொடாமல், ஒரு புடவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. வாழைமரத்தோடு கரும்பும் கட்டியிருந்தார்கள். தாலி ஏறியதும் இசக்கியப்பன் 'பொங்கலோ பொங்கல்' என்றான்.

அன்று சாயங்காலமே நம்பிராஜன் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மூன்று அண்ணன்களும் தாம்பூலத் தட்டோடு இறங்கினார்கள்.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை," என்றான் பலவேசம். "இப்பதான் டவுன்ல இருந்து வாரோம். முதலாளி அந்தப் பழைய போர்டைத் திரும்ப மாட்டிட்டாரு. ஆடி வந்துட்டு. புதுப்பொண்ணு ஆடியில புருஷன் வீட்டுல இருக்கப்படாது. தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

நம்பிராஜன் வாசலை மறித்து நின்றான். "திரும்ப எப்போ அனுப்புவீங்க?"

ஆண்டிச்சாமி அவன் தோளில் தட்டிக்கொடுத்தான்.

"கவலையே படாதீங்க மாப்பிள்ளை. இன்றே கடைசின்னுதான் போட்டிருக்கு."