கோரை ஏரியில் ஓர் ஒப்பந்தம்

கோரை ஏரிக்குக் கிழக்கே காட்டுப்பன்றிகளின் காடு. மேற்கே எருமைகளின் காடு. நடுவில் கிடந்த ஏரி இருவருக்கும் பொது.

பன்றிகள் கரையைக் கிளறிக் கோரைக்கிழங்கைத் தின்றன. எருமைகள் பச்சைக் கோரையை மேய்ந்தன. வேர் போன இடமெல்லாம் மண் சரிந்து நீரில் விழுந்தது. ஏரி சேறாகிக்கொண்டே வந்தது. மீன்கள் மூச்சுத் திணறின.

அந்த ஏரியில் சிவப்பி என்ற தாழைக்கோழி இருந்தது. அதற்குக் கூடு கட்ட ஒரு புதர்கூட மிஞ்சவில்லை. அது பன்றித் தலைவன் முட்டியானிடம் பறந்து போயிற்று.

"அண்ணா! மழை வரும்வரை கோரையைத் தொடாதீர்கள். ஏரி தூர்ந்துபோனால் உங்கள் குட்டிகள் எங்கே போய்த் தண்ணீர் குடிக்கும்?"

"எருமைகள் முதலில் நிறுத்தட்டும்! மறுநாளே நாங்கள் நிறுத்துகிறோம்!"

சிவப்பி மேற்கே பறந்தது. எருமைத் தலைவி பெரியகொம்பி தலையை ஆட்டினாள்.

"பன்றிகள் முதலில் நிறுத்தட்டும்! நாங்கள் என்ன ஏமாளிகளா?"

ஏழு முறை அங்கும் இங்குமாகப் பறந்ததில் சிவப்பிக்குச் சிறகு வலித்தது. எட்டாம் முறை அது இரு பக்கத்தாரிடமும் வேறு மாதிரி பேசியது.

"யாரும் முதலில் நிறுத்த வேண்டாம். நாளைக் காலையில் இரு கூட்டமும் கரைக்கு வாருங்கள். நான் மூன்று எண்ணுவேன். எல்லோரும் ஒன்றாகப் பின்வாங்குங்கள்!"

"திருட்டுத்தனமாகத் தின்றால்?" என்று இரு பக்கமும் கேட்டன.

"பன்றிக் காட்டு மைனா மேற்குக் கரையில் காவல் இருக்கட்டும். எருமைக் காட்டுக் கொக்கு கிழக்குக் கரையில் நிற்கட்டும்!"

மறுநாள் சிவப்பி ஏரி நடுவில் மிதந்தபடி கத்தியது. "ஒன்று! இரண்டு! மூன்று!"

எல்லோரும் பின்வாங்கினார்கள். முட்டியான் பின்பக்கம் பார்க்காமல் நடந்து சேற்றில் மல்லாந்து விழுந்தான். இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தன.

பத்தாம் நாள் முட்டியானுக்குப் பசி. கிழங்கு வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரே ஒரு கிழங்குதானே என்று கிளறித் தின்றுவிட்டான்.

"தலைவரே தின்றுவிட்டார்!" என்று கொக்கு அலறியது.

எருமைகள் கொதித்தன. "ஒப்பந்தம் தீர்ந்தது! இறங்கி மேயுங்கள்!"

"கொக்கு பொய் சொல்கிறது என்று சொல்லிவிடுங்கள் தலைவரே!" என்று பன்றிகள் கிசுகிசுத்தன.

முட்டியான் கேட்கவில்லை. ஏரியைச் சுற்றி நடந்து, எருமைகளின் நடுவே போய் நின்றான்.

"தின்றது நான்தான். கொக்கு சொன்னது உண்மை. ஓடைப் பக்கத்திலிருந்து பத்துக் கிழங்கு கொண்டுவந்து அதே குழியில் நடுகிறேன். என் ஒருவனுக்காக ஏரியை அழித்துவிடாதீர்கள்!"

பெரியகொம்பி அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"உண்மையைச் சொன்னால்... நேற்று எங்கள் கன்று ஒன்றும் இரண்டு வாய் மேய்ந்தது. உங்கள் மைனா தூங்கிக்கொண்டிருந்தது!"

"நான் கண்ணைத்தான் மூடியிருந்தேன்!" என்று கத்தியது மைனா.

ஏரியே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். முட்டியான் பத்துக் கிழங்கு நட்டான். கன்று மேய்ந்த இடத்தில் எருமைகளும் நட்டன. அதன்பின் யாரும் வரம்பு மீறவில்லை.

மழை வந்தது. கோரை எருமை முதுகுக்கு மேல் வளர்ந்தது. நீர் தெளிந்து மீன்கள் துள்ளின. சிவப்பி ஆறு கறுப்புக் குஞ்சுகளோடு தண்ணீரில் வலம் வந்தது.

எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் காக்க, அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திராமல் சேர்ந்து தொடங்க வேண்டும். தவறினால் ஒப்புக்கொண்டு மேலும் தொடர வேண்டும்.