மழைப் பாட்டில் ஒரு சொல்

தாமரைக் குளத்தங்கரையில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. புதுப் பாட்டு எதையும் அது பாடாது. காட்டில் வழிவழியாக வந்த பழம்பாட்டுகளை மட்டுமே பாடும். அந்தக் கணீரென்ற குரலைக் கேட்கப் பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. கூடவே அடிக்குரலில் சேர்ந்து பாடுவது செம்போத்துப் பறவை.

ஒருநாள் குளக்கரையில் பெரிய சபை கூடியது. கரிச்சான் மழைப் பாட்டை எடுத்தது.

"மலையே மலையே, மழையைத் தா" என்று கரிச்சான் பாட, "மழையை விடு" என்று பாடியது செம்போத்து.

கரிச்சான் பாட்டை நிறுத்திவிட்டது.

"தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இரு. பழம்பாட்டைப் பாழாக்காதே."

"என் அம்மா மலைக்காட்டுக்காரி. அவள் இப்படித்தான் பாடுவாள்" என்றது செம்போத்து.

"பாட்டு பிறந்தபோது உன் அம்மா பக்கத்தில் இருந்தாளோ?"

சபை சிரித்தது. செம்போத்து தலையைக் குனிந்துகொண்டு மூங்கில் புதருக்குள் போனது. அதற்குப் பிறகு அது பாடவே இல்லை.

அடுத்த கோடையில் மலைக்காட்டிலிருந்து கரிச்சானுக்கு அழைப்பு வந்தது. மழைப் பாட்டு பிறந்த இடமே அதுதான். கரிச்சான் பாடத் தொடங்கியதும் அங்கிருந்த இருவாச்சிப் பறவைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. எல்லாம் ஒரே குரலில், "மழையை விடு" என்றன.

கரிச்சான் மட்டும் "மழையைத் தா" என்று பாடியிருந்தது.

பாட்டு முடிந்ததும் ஓர் இருவாச்சி அருகில் வந்தது. "அருமையாகப் பாடினாய். மலை மழையைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான் 'விடு' என்கிறோம். உனக்கு யார் மாற்றிச் சொல்லிக்கொடுத்தது?"

"என்னோடு பாடும் செம்போத்து" என்றது கரிச்சான்.

சொன்ன கணமே அதற்கு உடம்பு கூசியது. இருவாச்சிகள் கொடுத்த பழத்தைத் தின்னாமலே கிளம்பியது. வழியெல்லாம் தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது.

ஊர் திரும்பியதும் நேரே மூங்கில் புதருக்குப் போனது. "நீ பாடியதுதான் சரி. என்னை மன்னித்துவிடு" என்றது.

"இங்கே நம் இரண்டு பேரைத் தவிர யார் இருக்கிறார்கள்? அன்றைக்குக் காடே கேட்டது" என்றது செம்போத்து.

மறுநாள் மாலை கரிச்சான் தானே சபையைக் கூட்டியது. பாடவில்லை. தன் தவறைச் சொன்னது. மலைக்காட்டில் சொன்ன பொய்யையும் சொன்னது. சில பறவைகள் சிரித்தன.

"இனி உன்னை யார் பாட அழைப்பார்கள்?" என்று கேட்டது மயில்.

"அழைக்காவிட்டால் போகட்டும். நாளைக்கு மலைக்காட்டுக்குப் போகிறேன். பொய் சொன்ன இடத்திலும் உண்மையைச் சொல்ல வேண்டும்."

மூங்கில் புதர் அசைந்தது. செம்போத்து வெளியே வந்து சற்றுத் தள்ளியே உட்கார்ந்தது.

"நானும் வருகிறேன். நீ சொல்வதை என் காதால் கேட்க வேண்டும்" என்றது.

கரிச்சானால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "வா" என்று மட்டும் சொன்னது.

பலர் நடுவே ஒருவரைத் தலைகுனிய வைத்தவர், பலர் நடுவேதான் தன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும்.