ஊசிப்பாறைச் சுனையில் மொண்ட தண்ணீர்

இந்தக் கதையில் திருடனும் இல்லை, துரோகியும் இல்லை. இருந்திருந்தால் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

ஊசிப்பாறை மலையடிவாரத்தில் ஒரு சுனை உண்டு. பாறை இடுக்கில் கசியும் நீர் சிறு குழியில் வந்து தேங்கும். சந்தைக்குப் போகிறவர், ஆடு மேய்ப்பவர், வழிப்போக்கர் என்று யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். கோடையில் மட்டும் கசிவு மெலிந்துவிடும். ஒரு செம்பு மொண்டால், குழி மறுபடி ஊறும்வரை வெகுநேரம் காத்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு கோடையில், கரட்டுப்பட்டியில் தவசி என்ற ஆட்டுக்காரன் சாகக் கிடந்தான். கஞ்சி இறங்கவில்லை, கண்ணும் பஞ்சடைந்துவிட்டது. ஒரு காலையில் மனைவி ஒச்சம்மாளை அழைத்தான்.

"புள்ள, சுனைத் தண்ணி ஒரு வாய் குடிக்கணும் போல இருக்கு. உன் கையால ஊத்து."

"உச்சிப்பொழுதுக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் இருங்க. எனக்காக இருங்க" என்றாள் அவள். தவசியின் அண்ணன் மனைவி பெருமாயியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, செம்போடு கிளம்பினாள்.

சுனையில் மொண்டுகொண்டு திரும்பும் வழியில், ஒரு வேலமரத்தடியில் முன்பின் தெரியாத ஒருத்தி கிடந்தாள். மடியில் பெண் குழந்தை. அதன் உதடு வெடித்திருந்தது, கண் மேலே செருகியிருந்தது.

"தாயி, என்னால நடக்க முடியல. பிள்ளைக்கு மட்டும் குடு."

ஒச்சம்மாள் கொஞ்சம்தான் கொடுக்க நினைத்தாள். முதல் மடக்கைக் குழந்தை கக்கிவிட்டது. அடுத்து, முந்தானையை நனைத்து அதன் நெற்றியில் ஒற்றினாள். பிறகு சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். குழந்தை ஈனக்குரலில் அழுதபோது செம்பில் நீர் இல்லை. அவள் மறுபடி சுனைக்கு ஓடினாள். சற்றுமுன் அவளே வற்றவைத்த குழி, ஈரமாக மட்டும் இருந்தது. தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்தாள்.

வீட்டில் தவசிக்கு மூச்சு இழுத்தது.

"ஒச்சு வந்துட்டாளா மதினி?"

பெருமாயி வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. இதற்கு மேல் அவன் தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வந்துட்டா தம்பி. இந்தா, ஊத்துறா, வாயத் திற" என்றாள். பானையில் இருந்த கிணற்று நீரை எடுத்து ஊற்றினாள். அந்த ஊர்க் கிணற்று நீர் பருப்புக்கூட வேகாத உப்பு நீர். தவசி இரண்டு மடக்கு விழுங்கினான். தண்ணீர் ஊற்றிய கையைத் தடவிப் பார்த்தான்.

"இனிக்குது, ஒச்சு" என்றான். அதோடு உயிர் போயிற்று.

பொழுது சாயும்போது ஒச்சம்மாள் நிறைசெம்போடு ஓடிவந்தாள். தவசியின் அண்ணன் மொக்கையன் வாசலிலேயே மறித்தான். வேலமரத்தடியில் நடந்ததை ஆடு மேய்ப்பவர்கள் அவனிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"கட்டுனவன் நாக்கு வறண்டு கெடக்க, வழியில போறவளுக்கா ஊத்துன?"

பெருமாயி அவனை விலக்கிவிட்டு, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். ஒச்சம்மாள் தவசியின் காலடியில் சரிந்தாள்.

"உப்புத் தண்ணியப் போய் இனிக்குதுன்னாரா? அப்ப நான் வரலைன்னு தெரிஞ்சேதான் போயிருக்காரு."

இப்போது சொல்லுங்கள். சொன்ன சொல்லை விட்டுவிட்டு முகமறியாத பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தாள் ஒச்சம்மாள். போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டும் என்று பொய் சொன்னாள் பெருமாயி. பொய்யென்று அறிந்தும் அதை ஏற்றுக்கொண்டான் தவசி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஒச்சம்மாள் செய்தது சரி. கண்ணெதிரே ஒரு பிள்ளையின் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது, செம்பை மூடிக்கொண்டு அவளால் நடந்திருக்க முடியாது, நடந்திருக்கவும் கூடாது. பெருமாயி அன்பினால் தவறினாள். "வந்துக்கிட்டே இருக்கா தம்பி" என்று அவள் சொல்லியிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும். தவசியும் மனைவிக்கு ஏதாவது சொல்ல நினைத்திருந்தால், அதை மதினியிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பான். மாறாக, மதினி மனம் நோகக்கூடாது என்று தன் கடைசி மூச்சை அவளுக்காகச் செலவழித்தான். அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு பெருமாயி, "என்னை மன்னிச்சிரு தாயி" என்று அழுதாள். ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் பக்கத்துல இருந்தியேக்கா" என்றாள்.