மடையன் பிடித்த குற்றவாளி

ஏரி மடையைத் திறந்து மூடும் சடையாண்டியை ஊரே மடையன் என்றுதான் கூப்பிடும். அது தொழில்பெயர். ஜமீன்தார் வாயில் வந்தால் மட்டும் அது வசவு.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் ஓடைவழியே பாய்ந்து, ஜமீன்தார் புதிதாய்க் கட்டிய பங்களாவுக்குள் இடுப்பளவு புகுந்தது.

"அடே மடையா! இந்த நாசத்துக்குக் காரணமானவனைப் பொழுது சாயறதுக்குள்ள பிடிச்சுக் கட்டு. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!" என்று கத்தினார் ஜமீன்தார்.

சடையாண்டி அசரவில்லை. "சரிங்க எஜமான். போன வருஷமும் இதே ஓடையில இவ்வளவு தண்ணி போச்சே, அப்ப என்ன நாசமாச்சு?"

"என்னடா நாசம்? அப்ப இங்க வெறும் கோரைதானே கிடந்தது!"

"அப்படின்னா தண்ணி பழைய ஆளு. இந்த வருஷம் புதுசா வந்தவருதான் காரணம், இல்லீங்களா?"

"சந்தேகமென்ன! அவனைத்தான் பிடிக்கச் சொல்றேன்!"

கூடியிருந்த சனம் பார்த்துக்கொண்டிருக்க, சடையாண்டி வடக்கயிற்றை எடுத்துப் பங்களாத் தூணில் இறுக்கிக் கட்டினான்.

"பிடிச்சுட்டேனுங்க. ஓடைக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு வழியை மறிச்சவரு இவருதான்."

ஊர் கொல்லென்று சிரித்தது. அன்றோடு ஜமீன்தார் யாரையும் 'மடையா' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். கூப்பிட்டால், ஊர் அவரையல்லவா திரும்பிப் பார்க்கிறது!