மஞ்சள் பூசிய மாயத்தாழி

முன்னொரு காலத்தில், மேட்டுப்பட்டணம் என்ற நாட்டில் மழை நின்றுபோனது. அப்போது அட்டகாசன் என்ற மந்திரவாதி வந்தான். கோட்டை வாசலில் ஆளுயரத் தாழி ஒன்றை வைத்தான். "இது நிறைந்தால் மழை வரும். எட்டு வயது நிறைந்த ஏழைப் பெண்பிள்ளைகள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்" என்றான். ராஜாவும் பூம்பூம் மாடாய்த் தலையாட்டினார்.

மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, ஏழு ஏழைப் பெண்கள் ஊற்றுக்கும் தாழிக்கும் நடையாய் நடந்தார்கள். குடம் குடமாய்க் கொட்டினாலும் தாழி நிறையவில்லை.

அந்த ஏழு பேரில் ஒருத்தி சடைச்சி. அவள் தங்கை பூவாயிக்கு வருகிற பௌர்ணமியன்று எட்டு வயது நிறைகிறது. 'என் தங்கச்சி இடுப்பில் இந்தக் குடம் ஏறக் கூடாது' என்று சடைச்சி சபதம் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் தாழியின் கழுத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிடுவது ஊர் வழக்கம். ஒரு வெள்ளியன்று சடைச்சியின் குடம் இடித்து மஞ்சள் பெயர்ந்தது. மஞ்சளுக்கடியில் எழுத்து இருந்தது. படிக்க வேண்டியதைப் பூசி மூடிப் பூசை செய்திருக்கிறார்கள், நம் புத்திசாலிகள்.

பூவாயி மேய்க்கும் ஆடு பக்கத்தில் நின்றது. பள்ளிக்கூடத்து ஓலைகளைத் தின்று தின்று பேச்சும் படிப்பும் வந்துவிட்ட ஆடு அது.

"என்ன எழுதியிருக்குன்னு சொல்லேன்" என்றாள் சடைச்சி.

"மந்திரக்கட்டு போடுறவன் அதை அவிழ்க்கிற வழியையும் எழுதி வைக்கணும். ஏழைப் பொண்ணுங்க எங்க படிக்கப் போறாங்கன்னு அவனுக்குத் தெனாவட்டு. நான் படிச்சாப் பலிக்காது, நீ படி. எழுத்துக்கு ஒரு பிடி அகத்திக்கீரை."

பிடி பிடியாய்க் கீரை போனது, எழுத்தெழுத்தாய்ப் படிப்பு வந்தது. பத்தாம் நாள் சடைச்சி வாய்விட்டுப் படித்தாள்: 'எனக்கு நீர் சுமந்த பெண்கள் ஏழு பேர் கூடிப் படித்தால் நான் உடைவேன்.'

தாழியில் மயிரிழை போல் ஒரு விரிசல் விழுந்தது. அட்டகாசன் ஓடி வந்தான்.

"உன்னை மட்டும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன்" என்றான்.

"ஏழு பேரும்னா வர்றேன்."

"பட்டுப்பாவாடை தருகிறேன்."

"ஏழு பேரும்னா வர்றேன்."

"நாக்கைக் கல்லாக்குவேன்."

"ஏழு பேரும்..." அவ்வளவுதான். நாக்கு கல்லாகிவிட்டது.

"இனி எப்படிச் சொல்லிக் கொடுப்பாய்?" என்று சிரித்துக்கொண்டே போனான் அட்டகாசன்.

சடைச்சி அன்று முழுக்க அழுதாள். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலிக்குடத்தின் மேல் ஈரவிரலால் 'அ' எழுதினாள். ஆடு வாசித்தது. மற்ற ஆறு பேரும் திருப்பிச் சொன்னார்கள். மந்திரவாதி எட்டிப் பார்ப்பதற்குள் எழுத்து காய்ந்துவிடும். ஏதோ ஆடு கத்துகிறது என்று அவனும் விட்டுவிட்டான். குடம் குடமாய்க் கொட்டினாலும் தாழி நிறையவில்லை. ஆனால் ஆறு பேருக்கும் படிப்பு வந்தது.

பௌர்ணமியும் வந்தது. காலையில் ஆறு பேரும் தாழியைச் சுற்றி நின்று படித்தார்கள். அது அசையவில்லை. ஏழாவது குரல்தான் கல்லாகிக் கிடக்கிறதே.

அந்த நேரம் காவலர்கள் பூவாயியை இழுத்து வந்தார்கள். இடுப்பில் புதுக்குடம். சடைச்சி ஓடிப் போய்த் தங்கையின் கையைப் பிடித்தாள்.

பூவாயி குடத்தைத் தாழிக்குள் கொட்டினாள். "ஆட்டை மேய்ச்சது யாரு அக்கா? நீ எழுதினதெல்லாம் நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். பிறகு ஆறு பேரோடு சேர்ந்து நின்று படித்தாள்.

தாழி உடைந்தது. அதற்குள் அட்டகாசன் அடைத்து வைத்திருந்த மேகமெல்லாம் கிளம்பி மழையாய்க் கொட்டியது. அட்டகாசன் அந்த வெள்ளத்தோடு போனவன்தான். சடைச்சியின் நாக்கு இளகியது.

வெட்கத்தோடு வந்தார் ராஜா. "ஏழு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் தருகிறேன்" என்றார்.

"எட்டு" என்றாள் சடைச்சி. "ஒம்பதாவது, பத்தாவதெல்லாம் வீட்டுல இருக்காங்க ராஜா. கதவைத் திறந்தே வையுங்க."

அந்தக் கதவை அப்புறம் யாரும் சாத்தவில்லை. உடைந்த தாழியின் ஓடுகளில்தான் ஊர்ப் பெண்பிள்ளைகள் கரியால் எழுதிப் பழகினார்கள். ஆட்டுக்கு ஆயுசு முழுக்க அகத்திக்கீரை. மேட்டுப்பட்டணத்தில் இப்போதும் வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுகிறார்கள், படித்துப் பார்த்த பிறகு.